நேரடி விமானம்

ஒரு வீட்டில் யாராவது கண்ணை மூடிவிட்டால், வாசலில் வந்து நிற்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி ஆச்சு?" இரண்டாவது கேள்வி, "வர வேண்டியவங்க எப்ப வந்து சேருவாங்க?" முதல் கேள்விக்கு டாக்டர் பதில் சொல்வார். இரண்டாவதற்குப் பதில் சொல்ல அந்த ஊரில் ஒரே ஆள்தான். பெட்டிக்காரர்.

குளிர்பெட்டி வாடகைக்கு விடுவது அவர் தொழில். கடைவீதியில் இரும்புக்கடைக்கு நேர் எதிரே ஒற்றைக் கதவு வைத்த கடை, உள்ளே கண்ணாடி மூடி போட்ட நாலு பெட்டி, வெளியே ஒரு வேன், வேனை ஓட்ட ஊரே 'நெட்டை' என்று கூப்பிடும் ஒரு ஆள். பெட்டிக்குள் அப்பாவோ அம்மாவோ படுத்திருப்பார்கள். வர வேண்டிய பிள்ளை ஏதோ ஒரு கடலுக்கு மேலே, முழங்காலை மடக்கிக்கொண்டு, முன் சீட்டுக்காரனின் வழுக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். "பெட்டி என்னங்க பெட்டி, நான் விக்கிறது நேரம்" என்பார்.

விற்பனை என்றால் பேரமும் உண்டு. துக்க வீட்டிலும் மனிதர்கள் பேரம் பேசுவார்கள். பேசுகிற வரைக்கும்தான் அழாமல் இருக்க முடியும் என்று தெரிந்தவர் என்பதால் அவரும் கொஞ்சம் இழுத்தே பேசுவார்.

"இருபது மணி நேரத்துல வந்துடுவான்னு சொல்றாங்க, நாளைக்குச் சாயங்காலம் போதுமே?"

"விமானம் வந்துடும். உங்க பையன் வர வேண்டாமா? பறக்கிற நேரம் வேற, ஆள் வந்து சேர்ற நேரம் வேற. நடுவுல ஒரு ஊர்ல இறக்கிவிட்டு நாற்காலியில உக்கார வைப்பான். படுக்க முடியாதபடி அதுக்குக் கை வேற வெச்சிருப்பான், படுபாவி. அப்புறம் ஏறுற கதவை மாத்துவான். ஏறினா மேகம்பான், சுத்துவான். இறங்கினா வரிசை. வரிசை முடிஞ்சா பெட்டி வராது. பெட்டி வந்தா டாக்சி வராது. டாக்சி வந்தா பையன் வழியெல்லாம் அழுவான், டிரைவர் பயந்துபோய் மெதுவா ஓட்டுவான். நாளன்னைக்குக் காலையில வெச்சுக்குங்க."

அவர் நாளன்றைக்குக் காலை என்றால் நாளன்றைக்குக் காலைதான். இத்தனை வருஷத்தில், பெற்றவள் முகத்தைப் பார்க்கக் கிடைக்காமல் வெறும் வாசலில் வந்து விழுந்த பிள்ளை என்று அவர் வாடிக்கையில் ஒருவர்கூடக் கிடையாது.

வந்து இறங்குகிறவர்களின் லட்சணமும் அவருக்கு மனப்பாடம். தூரதேசத்திலிருந்து வந்தவனைக் கூட்டத்தில் விட்டாலும் பிடித்துவிடுவார். கால் வீங்கிச் செருப்பு இறுகியிருக்கும். உதடு வெடித்திருக்கும். ஒரு பக்கக் கன்னத்தில் மடிப்பு விழுந்திருக்கும். பெட்டிக் கைப்பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிய காகிதப் பட்டை தொங்கிக்கொண்டிருக்கும்; அதைக் கிழித்தெறிய எந்தப் பிள்ளைக்கும் நினைவு வந்ததில்லை.

அவர் தலைக்குள் வைத்திருந்த தூரங்களிலேயே மிக நீளமானது அவர் வீட்டுக்கே சொந்தமாக இருந்தது. மகள் வேலை பார்க்கும் ஊர். பதினாறாயிரம் கிலோமீட்டர். மூன்று விமானம், நடுவில் இரண்டு காத்திருப்பு, வாசல் விட்டு வாசல் வர முப்பது மணி நேரம். "நேரடியா ஒரு ஃபிளைட் விட மாட்டானா?" என்று யாராவது கேட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். "அவ்வளவு எண்ணெய் குடிக்கிற வயிறு இன்னும் எந்த விமானத்துக்கும் முளைக்கலைங்க!" மற்ற வியாபாரிகளுக்குப் பிள்ளைகளின் சம்பளம் பெருமை. இவருக்குத் தூரம் பெருமை.

அந்தப் பெருமை ஏறத் தொடங்கிய சமயத்தில்தான் ஒரு நாள் வாயை விட்டார். எதிர்க்கடை இரும்புக்காரரின் மகன் வெளிநாட்டு வேலைக்குப் போய், வருஷம் திரும்புவதற்குள் கையை வீசிக்கொண்டு வந்து, அப்பா கடையில் ஆணி எடை போட உட்கார்ந்திருந்தான். பெட்டிக்காரர் தன் கடை வாசலில் நின்று, வீதிக்கே கேட்கிற குரலில் கேட்டார்:

"என்ன இரும்புக்காரரே, ஏத்துமதி பண்ண சரக்கு ரிட்டர்ன் வந்துருச்சு போல? ரிட்டர்ன் சரக்கைப் பாதி விலைக்குக்கூட எவனும் தொட மாட்டானே!"

வீதி சிரித்தது. இரும்புக்காரரும் சிரித்தார், தராசுத் தட்டைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டு. பையன் சிரிக்கவில்லை. அந்த நேரம் பெட்டிக்காரரின் மகளும் கடைக்குள்தான் இருந்தாள், பயணத்துக்கு வாங்கிய கம்பளிச் சட்டையைப் போட்டுக் காட்டிக்கொண்டு. அவளும் சிரித்தாள். அவள் கிளம்ப ஒரு வாரம்தான் பாக்கி இருந்தது.

போனவள் நல்ல பெயர் எடுத்தாள். தினமும் விடியற்காலையில் இவர் பல் தேய்க்கும்போது போன் வரும். "இங்க சாயங்காலம்பா. இப்பத்தான் வேலை முடிஞ்சுது" என்பாள். இவர் கொப்பளித்த வாயோடு, "தூங்குறதுக்கு முன்னாடி கதவைப் பூட்டிட்டியான்னு பாரு பாப்பா" என்பார். இங்கே வெயில் அடிக்கையில் அங்கே இருட்டு என்பது அவருக்கு ஒரு நாளும் அலுக்காத அதிசயம்.

மனைவிக்குத்தான் ஒன்றரை வருஷமாகக் கண்ணில் கோளாறு. மாதம் ஒரு தடவை பக்கத்து நகரத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப் போவாள். போகும்போது தூக்குச்சட்டி நிறையச் சமைத்து எடுத்துக்கொண்டு போவாள்.

"ஏன், ஆஸ்பத்திரிப் பக்கம் ஓட்டலே இல்லையா?"

"எனக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது."

சாயங்காலம் வெறும் சட்டியோடும் தெளிந்த முகத்தோடும் திரும்பி வருவாள். அந்த ஒன்றரை வருஷத்தில் மூன்று மூக்குக்கண்ணாடி மாற்றிவிட்டாள். "உனக்கு மொத்தம் எத்தனை கண்ணுடி?" என்று இவர் கேலி செய்வார். "உங்களுக்கு இருக்கிற ரெண்டும் ஒழுங்காத் தெரியுதான்னு முதல்ல பாருங்க" என்பாள். நல்ல பதில் என்று அதை நெட்டையிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். நெட்டை வேனைக் கொண்டுவந்தான். பெட்டி ஏற்றுகிற வேனில் ஏற மாட்டேன் என்று அவள் அந்த வலியிலும் முறைத்ததால், டாக்சி வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இதயம் களைத்துவிட்டது, ரெண்டு மூணு நாள் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

பெட்டிக்காரர் வராந்தாவுக்கு வந்து மகளுக்குப் போன் செய்தார்.

"அம்மாவுக்கு லேசா நெஞ்சுவலி. பயப்படுறதுக்கு ஒண்ணும் இல்ல. நீ அடிச்சுப் பிடிச்சுக் கிளம்பி வராத, கேட்டியா? நீ மூணு ஃபிளைட் மாறி வந்து இறங்குறதுக்குள்ள உங்கம்மா வீட்டுக்கு வந்து உனக்குக் காபி போட்டுக்கிட்டிருப்பா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"கேக்குதா பாப்பா?"

"கேக்குதுப்பா."

"அங்க நடுராத்திரி ஆச்சே. தூங்கு, போ."

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு ஒரு துணைதான். அதற்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுப்பார்கள். அதைக் கழுத்தில் மாட்டியிருப்பவரைத் தவிர வேறு யாரையும் மாடிப்படி வாசலில் நிற்கும் காவலாளி விட மாட்டார். பெட்டிக்காரர் அட்டையை மாட்டியவர் மாட்டியவர்தான். மருந்துச் சீட்டை ஜன்னல் வழியாகக் கீழே போட்டால், நெட்டை மருந்து வாங்கிப் படிவாசலில் கொண்டுவந்து கொடுத்துவிடுவான்.

மனைவி அன்று சாயங்காலமே ஆரம்பித்தாள். "ஏங்க, கீழ போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்களேன்."

"டீ மேலயே வரும்."

மறுநாள் காலை, "வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு வாங்க. கிட்ட நிக்க முடியல."

"இத்தனை வருஷம் நின்னியே, இன்னைக்குத்தான் உனக்கு மூக்கு வேலை செய்யுதா?"

மத்தியானம் நெட்டை படிவாசலில் நின்று கெஞ்சினான். "முதலாளி, அட்டையைக் குடுங்க. அரை மணி நேரம் நான் பாத்துக்கிறேன். நீங்க போய்க் காலை நீட்டிட்டு வாங்க."

"கட்டினவன் நான் இருக்கேன், உனக்கு என்னடா அவ்வளவு அக்கறை?" என்று அனுப்பிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது. எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறார், கடைசி நேரத்தில் புருஷன் சிகரெட் பிடிக்கப் போயிருப்பான், மகன் போனில் பேசிக்கொண்டிருப்பான். தன் விஷயத்தில் அப்படி ஒரு பேச்சு வரக்கூடாது. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, அறைக்குப் பூட்டுப் போட்டதுபோல் உட்கார்ந்திருந்தார்.

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க என்ன இருக்கு?"

"காத்து வருதான்னு பாக்குறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"டாக்டர் உன்னைப் பேசக் கூடாதுன்னிருக்காரு. எல்லாத்தையும் வீட்டுக்குப் போய்ச் சேத்து வெச்சுச் சண்டை போடு."

அவள் சிரித்தாள். மூன்றாம் நாள், காலை வெயில் கட்டில் கால் வரைக்கும் வந்த நேரத்தில், அவர் கையைப் பிடித்தபடியே போய்விட்டாள்.

எத்தனையோ வீட்டு வாசலில் நின்று மற்றவர்களுக்குப் பதில் சொன்ன கேள்வியை இப்போது அவரே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. போனை எடுத்தார். "பாப்பா, அம்மா..." என்றதற்கு மேல் வரவில்லை. அந்தப் பக்கம் அதிலேயே புரிந்துவிட்டது. பிறகு, "கிளம்பி வர்றேன்பா" என்றாள்.

இருக்கிற நாலு பெட்டியில் சத்தம் போடாத மோட்டார் உள்ள பெட்டியை நெட்டை கொண்டுவந்தான். கூடத்தில் வைத்து, அவளைப் படுக்கவைத்தார்கள். கண்ணாடி போடாவிட்டால் அவளுக்கு எதிரில் நிற்கும் ஆளே தெரியாது. வருகிற மகளைத் தெரிய வேண்டாமா என்று நினைத்தாரோ என்னவோ, பெட்டிக்காரர் அவளுடைய கடைசி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டார். அது கொஞ்சம் கோணலாக நின்றது.

"எப்பத்தாண்டா எடுக்கிறது?" என்று கேட்டாள் அவருடைய அக்கா. வாயால் பாதி ஊரையும் காதால் மீதி ஊரையும் கட்டி ஆள்கிறவள்.

"நாளன்னைக்குக் காலையில. முப்பது மணி நேரம் ஆகும் அவளுக்கு. டிக்கெட் கிடைக்கிறது, அங்கேயிருந்து விமான நிலையம் போறது எல்லாம் சேத்தா நாளைக்கு ராத்திரி தாண்டிடும்."

அவர் சொன்னால் யார் மறுப்பது? அவருக்கும் உள்ளுக்குள் ஒரு சிறு ஆறுதல் இருந்தது. இன்று ஒரு பகல், நாளை ஒரு பகல். பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார இன்னும் அவ்வளவு நேரம் மிச்சம்.

மறுநாள் காலை, துக்கத்துக்கு வந்தவர்கள் வாசல் நாற்காலிகளில் உட்கார்ந்து இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் ஒரு டாக்சி நின்றது. மகள் இறங்கி வந்தாள்.

பெட்டிக்காரர் எழுந்தார். பல வருஷத் தொழில் புத்தி, எஜமானனைக் கேட்காமலே வேலையை ஆரம்பித்துவிட்டது. தோளில் ஒரே ஒரு துணிப்பை. காகிதப் பட்டை இல்லை. செருப்பு காலில் தளர்வாக இருந்தது. உதடு வெடிக்கவில்லை. கன்னத்தில் மடிப்பு இல்லை. கண் மட்டும் வீங்கிச் சிவந்திருந்தது. அது அழுத கண். பறந்த கண் இல்லை.

அவள் யாரையும் பார்க்காமல் உள்ளே போய்ப் பெட்டி மேல் விழுந்தாள். அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோது, "மூடியைத் திறங்கப்பா" என்றாள். திறந்தார். அம்மாவின் கண்ணாடியைக் கழற்றி, மூக்கில் படும் இரண்டு சின்ன பட்டைகளையும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, காதுக் கம்பியை லேசாக வளைத்து, மறுபடி மாட்டினாள். கோணல் போய்விட்டது. வளைத்த கை யோசிக்கவே இல்லை. ஆயிரம் கண்ணாடியை வளைத்த கை. அவர் அதைப் பார்த்தார். நெட்டையைத் திரும்பிப் பார்த்தார். நெட்டை மோட்டாரின் ஒயரை ஆராய்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

அக்காவுக்கு அப்போதுதான் கணக்கு இடித்தது.

"ஏண்டி பாப்பா, நேத்து மத்தியானத்துக்கு முன்னாடிதானே உனக்குச் சேதி சொன்னான்? அதுக்குள்ள எப்படிடீ வந்து நிக்கிற?"

கூடத்தில் டீக் கிளாஸ் சத்தம் நின்றது. தூரமும் நேரமும் அந்த வீட்டுச் சொத்து என்று ஊருக்கே தெரியும். எல்லோரும் ஆளுக்கொரு விரலை மடக்கிக் கணக்குப் போடுவதை அவர் பார்த்தார்.

போலிச் சரக்கோடு சந்தையில் பிடிபட்டவள் மாதிரி, மகள் துணிப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என்ன நடந்தது, எங்கேயிருந்து வருகிறாள் என்பதெல்லாம் அவருக்கு இன்னும் தெரியாது. ஒன்றுதான் தெரிந்தது: தாய் கிடக்கும் பெட்டிக்கு முன்னால் இந்தப் பெண்ணை இத்தனை பேர் சேர்ந்து எடை போடப் போகிறார்கள்.

"நேரடி ஃபிளைட்டு, அக்கா" என்றார்.

"எந்த நேரடி ஃபிளைட்டு? அவ்வளவு எண்ணெய் குடிக்கிற வயிறு எந்த விமானத்துக்கும் கிடையாதுன்னு நீதானேடா கல்யாண வீடு, சாவு வீடு பாக்காம கத்திக்கிட்டிருப்ப?"

"இப்ப புதுசா விட்டிருக்கான்."

நேரத்தைப் பற்றி அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய். பழக்கமில்லாததால் காது மடல் சூடேறியது. யாரும் நம்பவில்லை என்பதும் தெரிந்தது. வெளிநாடு பறந்து வந்த பிள்ளையைப் பெற்ற இன்னொரு ஆள் கூடத்தில் இருந்தார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். இரும்புக்காரர்.

இரும்புக்காரர் மகளைப் பார்த்தார். அவள் துணிப்பையைப் பார்த்தார். பெட்டிக்காரரை, ஒரு விலை கேட்டவனைப் பார்ப்பதுபோல், நிதானமாகப் பார்த்தார். இத்தனை நாள் தட்டைத் துடைத்துக்கொண்டு காத்திருந்ததற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்த வியாபாரிக்கும் அமையாது.

"ஆமாம்மா" என்றார் அக்காவிடம். "போன மாசந்தான் விட்டிருக்கான். என் பையன்கூடச் சொன்னான். எண்ணெய்த் தொட்டியை ரெண்டாப் போட்டிருக்கானாம். நடுவுல எங்கயும் நிக்காதாம்."

"அப்படியா! உலகம் எங்கேயோ போகுது" என்று அக்கா டீக் கிளாஸை எடுத்துக்கொண்டாள்.

வர வேண்டியவள் வந்துவிட்டாள், இனி யாருக்காகக் காத்திருப்பது என்று பெரியவர்கள் பேசி, அன்று மத்தியானமே எடுத்துவிடுவது என்று முடிவானது. பெட்டிக்காரரால் மறுக்க முடியவில்லை. சொன்ன பொய்க்கு அதுதான் விலை. மனைவியோடு இன்னும் ஒரு பகல் உட்காரலாம் என்று அவர் சேர்த்து வைத்திருந்தது கையைவிட்டுப் போனது. எல்லாம் முடிந்து திரும்பி வரும் வழியில் இரும்புக்காரர் பக்கத்தில் நடந்து வந்தார்.

"உங்க பையன்..." என்று ஆரம்பித்தார் பெட்டிக்காரர்.

"கடையிலதான் இருக்கான். நல்லா இருக்கான்" என்றார் இரும்புக்காரர்.

மறுநாள், உறவுக்கூட்டம் கலைந்த பிறகு, சமையலறையில் மகள் அம்மாவின் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த சட்டி. அவர் கதவில் சாய்ந்து நின்றார்.

"நீங்க ஒண்ணுமே கேக்கலையேப்பா."

"என்ன கேக்கணும்?"

அவள் குழாயை மூடினாள். திரும்பாமலே சொன்னாள். போன இடத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு வேலை தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. ஒன்றரை வருஷம் முன்பே திரும்பி வந்துவிட்டாள். பக்கத்து நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து, சட்டத்தை வளைத்து மாட்டித் தருகிற வேலை. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"தினமும் காலையில சாயங்காலம்னு சொல்லுவியே."

"அலாரம் வெச்சு எழுந்து சொல்லுவேன். தூக்கக் கலக்கத்துல ஒரு தடவை காலை வணக்கம்னு சொல்லிட்டேன். நீங்க கவனிக்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

இப்போது திரும்பினாள். "ரிட்டர்ன் சரக்கைப் பாதி விலைக்குக்கூட எவனும் தொட மாட்டான்னு சொன்னீங்களே. அன்னைக்கு நானும்தானே சிரிச்சேன்."

அவர் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்பதுபோல் பேசினாள்.

"அம்மாவை ஆஸ்பத்திரியில சேத்தோம்னு நீங்க போன் பண்ண அன்னைக்குச் சாயங்காலமே வந்துட்டேன்பா. ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு லாட்ஜ்ல தங்கினேன். எதுத்தாப்புல மருந்துக்கடை இருக்குல்ல, அங்கதான் நின்னுக்கிட்டிருப்பேன். மருந்து வாங்க வந்த நெட்டை அண்ணன் பாத்துட்டாரு. நான்தான் சொல்லாதீங்கன்னு கால்ல விழாத குறையாக் கேட்டேன். நான் வந்திருக்கிறதை அம்மாவுக்குப் போன்ல மெசேஜ் போட்டேன். நீங்க டீ குடிக்கக் கீழ இறங்கினா, நெட்டை அண்ணன் அட்டையை வாங்கி என் கழுத்துல மாட்டி மேல அனுப்புறதா இருந்துச்சு. அஞ்சு நிமிஷம் பாத்தாப் போதும்னு இருந்தேன்." மூச்சு வாங்கினாள். "நீங்க நகரவே இல்லப்பா."

சமையலறை ஜன்னலில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்து பறந்து போனது.

"சேதி சொன்னப்பகூட லாட்ஜ்லதான் இருந்தேன். நீங்க முப்பது மணி நேரக் கணக்கு வெச்சிருப்பீங்கன்னு தெரியும். அது வரைக்கும் ரூம்ல பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும்னுதான் நினைச்சேன். விடிஞ்சதுக்கு அப்புறம் முடியல."

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் சொன்னார்: "அந்த டீயைக் குடிச்சிருக்கலாம்."

உள்ளே போய், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் சட்டைப் பையிலேயே கிடந்த மஞ்சள் அட்டையை எடுத்து, அதன் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவள் தலையில் கையை வைத்தார், எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இங்கேயே இரு என்றார். கடைக்காரர் நல்லவர், திடீரென்று விட முடியாது, மாசாமாசம் வர்றேன் என்றாள். மாசாமாசம் என்ற சொல் இருவரையும் ஒரு கணம் நிறுத்தியது. வீதி பார்க்க நெட்டை வேனைக் கொண்டுவந்தான். அக்கா வாசலில் நின்று, "நேரடி ஃபிளைட்டுதானே? மாத்தி ஏறிடாத" என்று வழியனுப்பினாள். வேன் விமான நிலையச் சாலையில் போய், ஊர் மறைந்ததும் நகரத்துச் சாலைக்குத் திரும்பியது.

பெட்டிக்காரர் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு பாலம் வந்தது. ஒரு பெட்ரோல் பங்க், செங்கல் சூளை, வரிசையாக நாலு பள்ளிக்கூடம். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பயணம் இன்னும் இருக்கிறது என்ற நினைப்பில் சாய்ந்து உட்காரப் பார்த்தார். அதற்குள் மகள் பின்னாலிருந்து, "அந்தக் கண்ணாடிப் படம் போட்ட போர்டுக்கிட்ட நிறுத்துங்கண்ணே" என்றாள்.

வேன் நின்றது. அவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் முதலாளி" என்றான் நெட்டை.

மகள் இறங்கி, கடைக்குள் போகும் முன் கையை ஆட்டினாள். அவருக்குக் கையைத் தூக்க நேரம் பிடித்தது.

மழைக்காலம் வந்து, சாவும் கொஞ்சம் கூடுதலாக வந்தது. ஒரு காலை, நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் போய்விட்டார். பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கும்போதே இளைய மகன் வந்து நின்றான். அண்ணன் வர வேண்டும் என்றான். எந்த ஊர் என்று சொன்னான். பெட்டிக்காரரின் மகள் ஒரு காலத்தில் இருந்த அதே ஊர்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவனே முந்திக்கொண்டான். "முன்ன மாதிரி கஷ்டம் இல்லைங்களே இப்ப. நேரடி ஃபிளைட் விட்டிருக்கானாமே? உங்க பொண்ணுகூட அதுலதான் வந்துச்சாம். உங்க அக்காதான் சொன்னாங்க. அண்ணன் நாளைக்குக் காலையில வந்துடுவாரு, மத்தியானமே எடுத்துடலாம்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

பெட்டியின் மறுமுனையைப் பிடித்திருந்த நெட்டை அப்படியே நின்றான்.

"சொன்னவங்க எல்லாருக்கும் மாத்திச் சொல்லிடுங்க தம்பி" என்றார் பெட்டிக்காரர். "நாளன்னைக்குக் காலையில. அண்ணன் மூணு ஃபிளைட் மாறித்தான் வரணும்."

"அப்ப அந்த நேரடி ஃபிளைட்?"

"இப்ப இல்ல. ஒரே ஒரு தடவைதான் ஓடுச்சு."

"ஏங்க நிறுத்திட்டான்?"

அவர் குனிந்து ஒயரைச் செருகினார். மோட்டார் ஓடத் தொடங்கியது. கண்ணாடி மூடியைத் தன் துண்டால் ஒரு தடவை துடைத்தார்.

"தாமதமா வந்து சேந்துச்சுங்க" என்றார்.